மதிய வேளைக்கான சீட்டு

கதவில் சீட்டு இருந்தது, தூரத்திலேயே தெரிந்தது, கம்பளம் விரித்த அந்த நீண்ட நடையில் ஒரே அச்சாக நாற்பது கதவுகள் இருந்தாலும் திருச்சி வீட்டு ஃப்ரிட்ஜிலிருந்து பிடுங்கி எடுத்துவந்த மலைக்கோட்டைக் காந்தம் ஒட்டியிருப்பது இந்த ஒரு கதவில்தான், அதற்கு அடியில் மஞ்சளாக ஒரு தாள், அதைக் கண்டதுமே தமயந்திக்கு மனசு குளிர்ந்துவிட்டது. இன்னும் படிக்கக்கூட இல்லை. பக்கத்திலேயே நிகிலின் சீட்டும் இருந்தது, சாப்பாட்டு மண்டபத்தில் கை துடைக்கக் கொடுக்கும் காகிதத்தைக் கிழித்து 'கேம்ஸ்' என்று ஒரே ஒரு சொல், கீழே நாயா பன்றியா என்று சொல்லமுடியாத ஒரு படம், பதினாலு வயசுப் பிள்ளை பெற்றவளுக்கு எழுதுகிற கடிதாசியின் லட்சணம் அவ்வளவுதான், அதை அவள் கசக்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். சம்யுக்தாவின் சீட்டை மட்டும் காந்தத்தைத் தூக்கி ஓரம் கிழியாமல் எடுத்தாள். 'அம்மா, மேல் தளத்துல உக்காந்திருக்கேன். வெயில் இதமா இருக்கு. கடல் உன்னோட பாசிப்பச்சைப் புடவை மாதிரியே இருக்கு.' மூன்று வரி. எட்டு மாசமாக மூன்று சொல் சேர்த்துப் பேசாத பெண் மூன்று வரி எழுதியிருக்கிறாள், அதுவும் தமிழில், இங்கிலீஷ் எழுத்தில் தமிழைக் கொலை செய்யாமல், முற்றுப்புள்ளி வைத்து. ஒரு தமிழாசிரியைக்கு இதைவிட என்ன வேண்டும். இதோடு ஒன்பது சீட்டு ஆகிவிட்டது, ஒன்பதும் கைப்பையின் உள் ஜிப்பில் வரிசையாக இருக்கின்றன.

சாவி அட்டையை வைத்ததும் கதவு பச்சை விளக்கைக் காட்டியது. உள்ளே இருட்டு. ஜன்னல் இல்லாத அறை, நாலு பேருக்கு அதுதான் கட்டுப்படியானது, இரண்டு கட்டில் தரையில், இரண்டு கட்டில் சுவரிலிருந்து மடித்து இறக்கியது, விளக்கை அணைத்தால் பகலும் ராத்திரிதான், வெளியே கடல் இருக்கிறது என்பதையே நம்பித்தான் ஆகவேண்டும். ஞானசேகரன் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். தூக்கம் வருது, நான் முன்னால போறேன் என்று சாப்பாட்டு மேஜையிலிருந்து எழுந்து வந்தவர், இருபது நிமிஷத்துக்குள் இந்தத் தூக்கம், கொடுத்துவைத்த மனுஷன். தமயந்தி தன் கட்டிலில் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றி, ஃபோன் வெளிச்சத்தில் சீட்டை மறுபடி படித்தாள். இந்த ஃபோன் இப்போது டார்ச் லைட்டுக்குத்தான் ஆகும். அப்படி ஆகட்டும் என்றுதான் அவள் கப்பலையே தேர்ந்தெடுத்தாள். மூணாறு போகலாம் என்றார் அவர், மைசூர் போகலாம் என்றான் நிகில், சம்யுக்தா எங்கேயும் போகலாம் என்று சொல்லவில்லை, சரிம்மா என்றாள். தமயந்திதான் தேடிப் பிடித்தாள், சென்னையில் ஏறினால் இலங்கைப் பக்கம் ஒரு சுற்று சுற்றி ஐந்தாம் நாள் காலை சென்னையிலேயே இறக்கிவிடும் கப்பல், கரை மறைந்ததும் சிக்னல் செத்துப்போகும், இன்டர்நெட் வேண்டுமானால் தனியாக வாங்கிக்கொள்ள வேண்டும். நாம வாங்கப் போறதில்ல என்று புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பே சட்டம் போட்டுவிட்டாள். "எங்க போனாலும் கதவுல எழுதி வெச்சிட்டுப் போங்க. காலைல ஒண்ணு, மத்தியானம் ஒண்ணு, ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னாடி ஒண்ணு. அது போதும் எனக்கு." பிள்ளைகள் கையில் ஃபோன் இல்லாவிட்டால் பெற்றவளோடு பேசத்தானே வேண்டும் என்று கணக்குப் போட்டாள். எதற்கெடுத்தாலும் குறுக்குக்கேள்வி கேட்கிற ஞானசேகரன்கூட அன்றைக்கு, நல்ல யோசனைதான் தமயந்தி, என்று உடனே தலையாட்டினார். அது ஏன் என்று அப்போது அவள் யோசிக்கவில்லை, இருபது வருஷத்தில் ஒருமுறையாவது புத்தி வந்ததே என்றுதான் நினைத்தாள்.

ஜூலை பத்தாம் தேதி சம்யுக்தாவை புனேயில் கொண்டுபோய் விட வேண்டும். காலேஜ், ஹாஸ்டல், எல்லாம் முடிவாகிவிட்டது, அந்தப் பெண்ணே தேடி, அவளே பரீட்சை எழுதி, அவளே இடம் வாங்கிவிட்டுத்தான் வீட்டில் சொன்னாள். திருச்சியில் இல்லாத படிப்பா. இருக்கிறது. திருச்சியில் அம்மா இருக்கிறாள், அதுதான் இடைஞ்சல். வாய்விட்டு அப்படிச் சொல்லியிருந்தால் கன்னத்தில் ஒன்று வைத்து, பிறகு கட்டிக்கொண்டு அழுது, எப்படியோ சரிசெய்திருக்கலாம். சொல்லவில்லையே. சாப்பிடறியா, சரிம்மா. தலைக்கு எண்ணெய் வெச்சுக்கோ, சரிம்மா. வந்து உட்கார்ந்து தலையைக் கொடுப்பாள், வாரி முடித்ததும் எழுந்து போய்விடுவாள், கதவைச் சாத்துகிற சத்தம்கூட வராது. பக்கத்து வீட்டு அம்மாள், உங்க பொண்ணு என்ன அடக்கம், என்கிறாள். அடக்கமாம். வகுப்பில் ஐம்பது பெண்களைப் பார்க்கிறவளுக்கு அடக்கம் எது அடிக்கிற அடி எது என்று தெரியாதா. சண்டை போட்டுக் கதவை அறைகிற பிள்ளை வீட்டுப் பிள்ளை. இவள் வாடகைக்கு இருக்கிறவள் மாதிரி மரியாதையாக இருக்கிறாள். நான் செய்ததில் என்ன தப்பு. என்ன தப்பு என்று கேட்கிறேன். போன ஐப்பசியில் ஒருநாள் சம்யுக்தா குளிக்கப் போயிருந்தபோது மேஜைமேல் ஃபோன் வெளிச்சம் போட்டது, தமயந்தி எடுத்தாள், ரோஷிணி எழுதியிருந்தாள், அதே பள்ளிக்கூடம், அதே ப்ளஸ் டூ, இவளுக்கு ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒட்டிப்பிறந்தவள். வீட்டில் தினமும் ரகளை, அப்பா பாத்திரத்தை எறிகிறார், வீட்ட விட்டுப் போயிடலாமான்னு இருக்கு. எந்த டீச்சர் அதைப் படித்துவிட்டுச் சும்மா இருப்பாள். ரோஷிணியின் அம்மாவுக்கு ஃபோன் போட்டுச் சொன்னாள், அக்கறையில்தான் சொன்னாள், ஊரே பார்க்க பள்ளிக்கூட வாசலில் அந்த அப்பன்காரன் வந்து பெண்ணை அறைவான் என்று ஜோசியமா பார்க்க முடியும். அந்தப் பெண் விழுந்தபோது முழங்கை உரசிக்கொண்டு போய் சைக்கிள் ஸ்டாண்டில் இடித்தது. எழுந்து, அழாமல், சம்யுக்தாவைத்தான் பார்த்தாள். மறுநாளே நாமக்கல்லில் பெரியப்பா வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டார்கள், பரீட்சைக்கு மட்டும் வந்துவிட்டுப் போனாள், தோழியின் முகத்தைத் திரும்பியும் பார்க்கவில்லை. அன்றிலிருந்துதான் சரிம்மா.

ஆனால் இந்த நாலு நாளில் ஏதோ இளகியிருக்கிறது. தமயந்தி கைப்பையின் ஜிப்பைத் திறந்து சீட்டுகளை மடியில் பரப்பினாள், குறட்டை ஒரு நொடி நின்று மறுபடி தொடர்ந்தது. ஏறிய அன்று ராத்திரி: 'அம்மா, கப்பல் ஆடற மாதிரியே தெரியல. நீ மாத்திரை போட்டுக்கிட்டியா?' மறுநாள் காலை: 'நீ தூங்கும்போது முகம் சின்னப் பொண்ணு மாதிரி இருந்துச்சு, அதான் எழுப்பல.' அதைப் படித்துவிட்டுக் கழிப்பறைக்குள் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தாள், யாருக்கும் தெரியாது. 'ஆறாவது தளத்துல டேபிள் டென்னிஸ். நீ காலேஜ்ல ஆடுவேன்னு அப்பா சொன்னாரு, ஒரு நாள் ஆடலாமா?' அதற்கு ஆசை ஆசையாக ஓடினாள், புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, போய்ப் பார்த்தால் அங்கே இரண்டு சேட்டு வீட்டுப் பையன்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள், சம்யுக்தா இல்லை. கொஞ்சம் முன்னால்தான் போயிருப்பாள். நூலகத்தில் இருக்கேன் என்று எழுதியிருந்த அன்றும் இப்படித்தான், கொஞ்சம் முன்னால் போயிருப்பாள். பெரிய கப்பல், மூன்று லிஃப்ட், ஒருத்தி ஏறும்போது ஒருத்தி இறங்கியிருப்பாள். ராத்திரிச் சாப்பாட்டில் எதிரே உட்கார்ந்தால் மட்டும் பழையபடி சரிம்மாதான், சீட்டில் இருக்கிற பெண்ணும் எதிரே சப்பாத்தியைப் பிய்க்கிற பெண்ணும் ஒருத்தியேதானா என்று ஒரு நிமிஷம் தோன்றும். தோன்றினால் என்ன, சில பிள்ளைகளுக்கு வாயில் வராது, எழுத்தில் வரும், இருபத்திரண்டு வருஷமாகக் கட்டுரை நோட்டுத் திருத்துகிறவளுக்கு இது தெரியாதா, வகுப்பில் வாயே திறக்காத பெண் நோட்டில் பக்கம் பக்கமாகக் கொட்டியிருப்பாள். அதனால்தான் இன்றைக்குத் தமயந்தி ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். நாளைக்குக் காலையில் கப்பல் கரைக்குப் போய்விடும், ஃபோனெல்லாம் உயிர்பெற்றுவிடும், அதற்குமுன் சம்யுக்தாவைத் தனியாகப் பிடித்து, நான் செஞ்சது தப்புதான் கண்ணு, என்று சொல்லிவிடவேண்டும். ஏன் எதற்கு என்று இழுக்காமல், உன் நல்லதுக்குத்தான் என்று வால் வைக்காமல், வெறும் தப்புதான் என்று. மதியம் சாப்பிடும்போது ஜன்னலோரம் உட்கார்ந்து அதைத்தான் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள், கண்ணாடியில் தண்ணீர் வழிவதையே பார்த்தபடி.

தண்ணீர். கண்ணாடியில் தண்ணீர் வழிந்தது. மழை. காலையில் விடிந்ததிலிருந்து மழை, பரிமாறுகிற பையன் ஜன்னலோரத்து மேஜையில் சொட்டியதைத் துடைத்துவிட்டுத்தான் உட்காரவைத்தான், ஞானசேகரன் ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தயிர்சாதத்தில் முழுகியிருந்தார், கடலும் வானமும் சாம்பல் கரைத்த மாதிரி ஒன்றாகக் கிடந்தன, பாசிப்பச்சை எங்கிருந்து வரும். வெயில் இதமா இருக்கு. தமயந்தி எழுந்தாள். மடியில் இருந்த சீட்டுகள் தரையில் கொட்டின, குனிந்து அள்ளினாள். எந்த வெயில். மழையில் உட்கார்ந்துகொண்டு ஒரு பெண் ஏன் வெயில் என்று எழுதுவாள். கிண்டலா. கிண்டலாக இருந்தால் சந்தோஷம்தான், கிண்டலாகவே இருக்கட்டும், பிள்ளையாரே. செருப்பை மாட்டினாளா என்று தெரியவில்லை, நடையில் கம்பளம் காலுக்கு மெத்தென்றிருந்தபோதுதான் வெறுங்காலோடு ஓடுவது தெரிந்தது, லிஃப்ட் வரவில்லை, படி, ஐந்தாம் தளம், ஆறாம் தளம், எங்கோ தாம்போலாவுக்கு எண்கள் கூவுகிறார்கள், ஜனங்கள் கைதட்டுகிறார்கள், ஏழு, எட்டு, மூச்சு முட்டியது. வகுப்பில் சாந்தமாகச் சிரித்துக்கொண்டே வருகிற பெண்கள்தான் பயம், எங்கள் பள்ளிக்கூடத்தில் மூன்று வருஷத்துக்குமுன் அந்த ஒன்பதாம் வகுப்புப் பெண்ணும் உயிரை விடுவதற்கு முதல்நாள் எல்லோருக்கும் அழகழகாக வாழ்த்து அட்டை எழுதிக் கொடுத்தாளே. கடைசியில்தான் நல்லபடியாக எழுதுவார்கள். ஒன்பது சீட்டு, ஒன்றைவிட ஒன்று இனிப்பாக. நீ தூங்கும்போது சின்னப் பொண்ணு மாதிரி இருந்துச்சு. ஐயோ, அதை நான் சந்தோஷமாகப் படித்தேனே, படித்து மடித்து ஜிப்புக்குள் வைத்தேனே. ரோஷிணி எழுதியதை மட்டுமா அன்றைக்குப் படித்தேன். வீட்ட விட்டுப் போயிடலாமான்னு இருக்கு என்று அவள் எழுதியதற்குக் கீழே என் பெண் எழுதியிருந்தாளே, எனக்கும்தான்டி, என்று. அந்த ஒரு வரியைத் தமயந்தி யாரிடமும் சொல்லவில்லை, ஞானசேகரனிடம் சொல்லவில்லை, ரோஷிணியின் அம்மாவிடம் சொல்லவில்லை, தன்னிடமே சரியாகச் சொல்லிக்கொள்ளவில்லை. அந்த வரியைப் பார்த்துத்தான் ரோஷிணியின் அம்மாவுக்கு ஃபோன் போட்டாள். எங்கே என் பெண் போய்விடுவாளோ என்று ஊரான் பெண்ணைப் பிடித்துக் கொடுத்தாள்.

மேல் தளத்துக் கதவில் குறுக்கே ஒரு கயிறு கட்டிப் பலகை தொங்கியது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சாய்வு நாற்காலிகளை அடுக்கித் தார்ப்பாய் போட்டு மூடியிருந்தார்கள், நீச்சல் குளத்தில் மழை கொதிக்கிற சோற்றுப்பானையாக விழுந்துகொண்டிருந்தது, கைப்பிடிக் கம்பிக்கு அப்பால் எதுவுமே இல்லை. சீருடை போட்ட ஒரு பெண், மிசோரமோ மணிப்பூரோ, சம்யுக்தாவைவிட நாலைந்து வயசு கூட இருக்கும், வந்து தோளைத் தொட்டு இங்கிலீஷில் சொன்னாள், காலை ஒன்பதிலிருந்து மூடியிருக்கிறது மேடம், யாரையும் விடவில்லை. யாராவது போயிருந்தால் என்றாள் தமயந்தி. போக முடியாது மேடம். என் பெண் இங்கே இருப்பதாக எழுதியிருக்கிறாள் என்று சீட்டை நீட்டினாள், தமிழ்ச் சீட்டை, அந்தப் பெண் அதைக் கையில் வாங்கி மரியாதைக்கு இரண்டு நிமிஷம் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். அழகான கையெழுத்து மேடம் என்றாள். ஃபோன் போட்டுப் பார்க்கலாமே என்றும் சொன்னாள். எங்கள் ஃபோன் இங்கே வேலை செய்யாது, நாங்கள் சீட்டு எழுதுவோம் என்று சொல்லும்போது தான் ஒரு பைத்தியக்காரியாகத் தெரிவது தமயந்திக்கே தெரிந்தது.

நிகில் ஆறாம் தளத்தில் விளையாட்டு அறையில் ஒரு பொம்மைக் காருக்குள் உட்கார்ந்து திரையில் யாரையோ முந்திக்கொண்டிருந்தான், கேம்ஸ் என்று எழுதிய இடத்தில் எழுதியபடியே இருந்தான். "அக்கா எங்கடா?" "சீட்டு பாக்கலயாம்மா நீ?" "பாத்தேன். மேல மூடிக் கெடக்கு. கொட்டுகொட்டுன்னு கொட்டுது." திரையில் கார் சுவரில் மோதியது. "மழையா பெய்யுது?" என்று சிரித்தான், சிரித்தவன் சட்டென்று நிறுத்தினான், காதிரண்டும் சிவந்துவிட்டன. பொய் சொல்லத் தெரியாத பிள்ளை, அப்பன் காது, மாட்டிக்கொண்டால் சிவக்கும். "நிகில், என்னப் பாரு. அவ எங்க இருக்கா?" "அவ நல்லாத்தாம்மா இருக்கா. இப்பக்கூடப் பாத்தேன், கீழ காபிக்கடைல. சத்தியமா." "பின்ன ஏன் மேலன்னு எழுதியிருக்கா?" அவன் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்தான். "நான் சொல்லமாட்டேன்னு அக்காகிட்ட ப்ராமிஸ் பண்ணியிருக்கேம்மா. நீ அப்பாட்டயே கேளு." தமயந்தி பக்கத்துப் பொம்மைக் காரில் உட்கார்ந்துவிட்டாள். இருக்கிறாள். காபிக்கடையில் இருக்கிறாள். பிள்ளையாருக்கு நூற்றியெட்டுத் தேங்காய். "என்னம்மா, தண்ணி வேணுமா?" என்றான் அவன், ஆட்டத்தை விட்டுவிட்டு எழுந்து. வேண்டாம், நீ ஆடு, என்று அவன் தலையைத் தடவிவிட்டு எழுந்தாள். பயம் இறங்கிய இடத்தில் வேறொன்று மெல்ல ஏறத் தொடங்கியிருந்தது, அப்பாவைக் கேள் என்றானே, அப்பாவுக்கு இதில் என்ன வேலை.

அறையில் ஞானசேகரன் அப்படியே கிடந்தார், வாய் லேசாகத் திறந்திருந்தது. எழுப்பியிருக்கலாம். தலை சுற்றியது, ஓடியதாலா கப்பல் ஆடுவதாலா தெரியவில்லை, முதலில் ஒரு மாத்திரை போட்டுக்கொள்வோம் என்று அவருடைய மருந்துப் பையை எடுத்தாள். மருந்துக்கடைக்காரர் பயணம் போனால் பாதிக் கடை கூட வரும். கடையில் கொடுக்கிற அதே சின்னக் காகிதக் கவர்கள், ஞானம் மெடிக்கல்ஸ் என்று மேலே, காலை மதியம் இரவு என்று கீழே மூன்று கட்டம், எந்த வேளைக்கோ அந்தக் கட்டத்தில் அவர் பேனாவால் டிக் போட்டுக் கொடுப்பார், எழுதப்படிக்கத் தெரியாத கிழவிகள்கூடத் தப்பாமல் சாப்பிடுவார்கள். வாந்திக்கு ஒன்று, காய்ச்சலுக்கு ஒன்று, வயிற்றுப்போக்குக்கு ஒன்று. அடியில் ரப்பர் பேண்ட் போட்டு ஒரு கட்டு, அதே கவர்கள்தான், ஒவ்வொன்றின்மேலும் எத்தனையாவது நாள் என்று எழுதியிருந்தது. நாலாம் நாள், மதியம் கட்டத்தில் டிக், உள்ளே ஒன்றுமில்லை. நாலாம் நாள், இரவு கட்டத்தில் டிக், உள்ளே மாத்திரை மாதிரி இல்லை, தட்டையாக இருந்தது, உதறினாள், மஞ்சள் தாள் மடியில் விழுந்தது. 'அம்மா, இன்னிக்கு உன் பக்கத்துல உக்காந்து சாப்பிடணும்னு இருக்கு. எனக்கும் ஒரு இடம் பிடிச்சு வை.' இன்றைக்கு ராத்திரிக்கு. இன்னும் ஆகாத ராத்திரிக்கு. அவளுக்கு முதலில் புரியவில்லை, பிறகு புரியாமல் இருக்கவே முடியவில்லை.

கட்டின் கடைசியில் நாலாக மடித்த ஒரு வெள்ளைத் தாள் இருந்தது, கடை லெட்டர்பேடு, ஞானசேகரனின் கையெழுத்து, ஒன்றிலிருந்து பதினொன்று வரை எண் போட்டு எழுதியிருந்தது, பதினொன்றுக்கும் எதிரே நாளும் வேளையும். கப்பல் ஆடற மாதிரியே தெரியல. அதான் எழுப்பல. டேபிள் டென்னிஸ். வெயில் இதமா இருக்கு. இரண்டு இடத்தில் அடித்துத் திருத்தியிருந்தார், பச்சைப் புடவை என்று எழுதி, மேலே பாசி என்று சேர்த்திருந்தார். தாளுக்குள் கப்பலில் கொடுக்கிற இன்டர்நெட் சீட்டு, ஐந்து நாளைக்கு, பெயர் சம்யுக்தா. ஆக, பேரம் இதுதான். பதினொரு சீட்டுக்கு ஐந்து நாள் நெட். வீட்டில் உட்கார்ந்து ஒரே மூச்சில் எழுதிக் கொடுத்திருக்கிறாள், தப்புப் பண்ணின பிள்ளைக்கு டீச்சர் கொடுப்பாளே இம்போசிஷன், அந்த மாதிரி, அப்பா எழுதிக் கொடுக்க, பெண் பார்த்து எழுத, வேளாவேளைக்கு அப்பா கதவில் மாட்ட, அம்மாவுக்குக் குணமாக. மழை வரும் என்று மட்டும் மருந்துக்கடைக்காரருக்குத் தோன்றவில்லை, அவர் சீட்டில் என்ன இருக்கிறதோ அதைக் கொடுக்கிறவர். தமயந்தி தூங்குகிற புருஷனைப் பார்த்தாள். இந்த மனுஷனுக்கு இவ்வளவு எழுத வருமா. நான் தூங்கும்போது முகம் எப்படி இருக்கும் என்று இவருக்குத் தெரியுமா, நான் டேபிள் டென்னிஸ் ஆடியது ஞாபகம் இருக்கிறதா, இருபது வருஷத்தில் ஒருநாள் ஒரு புடவையைப் பார்த்து ஒரு வார்த்தை. பெண்ணின் கையெழுத்தில் ஒளிந்துகொண்டு சொல்லத்தான் வாய் வந்ததா. அப்படியே அந்தத் தலையணையை எடுத்து முகத்தில் அழுத்தவேண்டும்போல ஆத்திரம் வந்தது, கூடவே அழுகையும் வந்தது, நல்ல மனுஷன்தான், நல்ல மனுஷன்தான், அதுதான் வயிற்றெரிச்சல். இவர்கள் மூன்று பேரும் நாலு நாளாக நான் சீட்டைப் படிப்பதைப் பார்த்திருக்கிறார்கள். நான் தலைப்பைச் செருகிக்கொண்டு ஆறாம் தளத்துக்கு ஓடியதை இவர் பார்த்திருக்கிறார்.

கடைசிக் கவர், ஐந்தாம் நாள், காலை. நாளைக்கு விடிந்ததும் கதவில் இருக்கப்போவது. படிக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே படித்தாள். 'அம்மா, இந்த அஞ்சு நாளும் ரொம்ப நல்லா இருந்துச்சு. தேங்க்ஸ்மா.' இருக்கும், இருக்கும், ரொம்ப நல்லாத்தான் இருந்திருக்கும். வெள்ளைத் தாளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். எதற்குப் பார்த்தாள் என்றால், கைப்பழக்கம், பார்த்து எழுதுவதைத் திருத்துகிறவளுக்கு இரண்டையும் ஒத்துப்பார்க்காமல் இருக்க முடியாது. பதினொன்றாவதில் ஞானசேகரன் மூன்று வாக்கியம் எழுதியிருந்தார். 'இந்த அஞ்சு நாளும் ரொம்ப நல்லா இருந்துச்சு. உன் மேல எனக்குக் கோவம் எதுவும் இல்ல. தேங்க்ஸ்மா.' சம்யுக்தாவின் சீட்டில் இரண்டு வாக்கியம். மற்ற பத்திலும் ஒரு எழுத்து விடவில்லை, தூங்கும்போது முகம் வரை எழுதியிருக்கிறாள், பாசிப்பச்சையை எழுதியிருக்கிறாள், பக்கத்துல உக்காந்து சாப்பிடணும்னு எழுதியிருக்கிறாள். இதை மட்டும் எழுதவில்லை. மறந்திருக்கலாம், வரி தாண்டியிருக்கலாம், பிள்ளைகள் தாண்டுவதுதான் என்று ஒருதரம் சொல்லிப்பார்த்தாள். தாண்டவில்லை. நடுவில் இடம் விட்டிருந்தது. எழுதலாமா என்று யோசித்து ஒரு வரிக்கு இடம் விட்டு, எழுதாமல், அடுத்த வரிக்குப் போயிருந்தாள். என்ன ஆசை காட்டியும் அந்த ஒரு பொய்யை மட்டும் என் பெண் சொல்லவில்லை. தமயந்திக்கு நெஞ்சு வலித்தது, அந்த வலியிலும் ஒரு மூலையில் அவளை மெச்சவும் தோன்றியது.

எல்லாவற்றையும் இருந்த வரிசையில் கவர்களில் போட்டு, ரப்பர் பேண்டை மாட்டி, மருந்துப் பையை எடுத்த இடத்தில் வைத்தாள். மாத்திரை போட்டுக்கொள்ளவில்லை. அப்போது கதவில் பச்சை விளக்கு மினுங்கி சம்யுக்தா உள்ளே வந்தாள், சார்ஜருக்காக இருக்கும், கழுத்தில் தொங்கிய ஹெட்ஃபோனைச் சட்டென்று சட்டைக்குள் தள்ளினாள், முகத்தில் எங்கிருந்தோ கொண்டுவந்த சிரிப்பு இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது, அம்மாவைப் பார்த்ததும் அது போயிற்று. தலைமயிர் காய்ந்து பளபளவென்று இருந்தது, ஒரு சொட்டு ஈரம் இல்லை. மூன்றாம் தளத்துக் காபிக்கடைக்கும் ஜன்னல் கிடையாது. "அப்பா தூங்கறாரா?" என்றாள் மெதுவாக, பிறகு, கடமைக்கு, "சீட்டு பாத்தியாம்மா?" இதோ நிற்கிறாள், தனியாக, கேட்ட இடத்தில், கேட்ட நேரத்தில். சொல்லிவிடலாம். தப்புதான் கண்ணு, வேறு எதுவும் வேண்டாம், ஒரே வரி, மதியமெல்லாம் சொல்லிச் சொல்லிப் பார்த்த வரி. நீ எழுதின எதையும் நான் நம்ப வேண்டியதில்லை, எழுதாமல் விட்டதைப் படித்துவிட்டேன், அது நியாயம்தான், என்று சொல்லிவிடலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. வந்த இடத்தில் இருபத்திரண்டு வருஷத்து டீச்சர் நின்றுகொண்டிருந்தாள், பிள்ளையே ஒப்புக்கொள்ளட்டும், ஒரு வாய்ப்புக் கொடுத்துப் பார்ப்போம், மழைம்மா என்று ஒரு வார்த்தை சொல்லட்டும், சொல்லிவிட்டால் அப்புறம் நானும் சொல்லிவிடுகிறேன்.

"பாத்தேன்டா," என்றாள் தமயந்தி. "மேல வெயில் எப்படி இருந்துச்சு?"

சம்யுக்தா சார்ஜரைப் பிடுங்கிக் கையில் சுற்றிக்கொண்டிருந்தாள். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"நல்லா இருந்துச்சும்மா. இதமா."

தலைக்குமேல் ஐந்து தளத்துக்கு அப்பால் மழை பெய்துகொண்டிருந்தது, இந்த அறைக்கு அது கேட்காது. பெண் கதவில் கை வைத்தபடி, இன்னும் ஏதாவது கேட்கப்போகிறாளா என்று காத்திருந்தாள், எட்டு மாசமாகக் காத்திருக்கிற அதே மரியாதையோடு.

"சரிம்மா," என்றாள் தமயந்தி.